ஜெயித்த ஆட்டத்தை ஜெயித்து முடிக்கப் பழகுவோருக்கு: லிச்செஸ் தளம் பற்றிய மதிப்புரை

2022 ஆகஸ்ட் மாதம் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடில், முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்த பதினாறு வயது குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லும் நிலைக்கு வந்து, பிறகு அந்த ஆட்டத்தைத் தோற்றார். இந்தியாவின் இரண்டாவது அணி அந்தச் சுற்றை 2–2 என்று சமனில் முடித்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. நம் இளைஞர்களுக்கு வெண்கலம் கிடைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது அந்தத் தரத்து ஆட்டக்காரர்களுக்கே நேரும் என்றால், மாவட்டப் போட்டிகளில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை. ஒரு யானையைக் கூடுதலாக வைத்துக்கொண்டு தோற்றுவிட்டு அரங்கத்தை விட்டு வெளியே வரும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, கவனம் எங்கே போயிற்று என்பதுதான். கவனம் போனது உண்மை. ஆனால் அது ஏன் குறிப்பாக முன்னிலை கிடைத்த பிறகு போகிறது, அதைத் திருத்தும் பயிற்சி எங்கே கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளோடுதான் நான் லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தை இத்தனை காலமாகப் பயன்படுத்திவருகிறேன். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் எனக்கு, இந்த ஒரு நோக்கத்துக்கு அந்தத் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே எதிர்த்திசையில் இழுக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதத் தோன்றுகிறது.

லிச்செஸ், பிரான்ஸைச் சேர்ந்த நிரலாளர் திபோ டுப்ளெஸி 2010-இல் தொடங்கிய தளம். லாப நோக்கமில்லாத அமைப்பாக, நன்கொடையை நம்பி இயங்குகிறது. விளம்பரம் கிடையாது. காசு கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டி வைத்த பகுதி எதுவும் கிடையாது. நன்கொடை தருபவருக்குப் பெயரின் பக்கத்தில் ஒரு சிறு சின்னம் கிடைக்குமே தவிர, தராதவருக்குக் கிடைக்காத வசதி என்று ஒன்றும் இல்லை. மூல நிரல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. ஆடிய ஆட்டத்தைக் கணினியைக் கொண்டு அலசிப் பார்ப்பது, புதிர்கள், இறுதியாட்டப் பயிற்சி எல்லாமே இலவசம் என்பதால், வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் யார் வீட்டில் வசதி உண்டு, யார் வீட்டில் இல்லை என்ற வேற்றுமை இந்த ஒரு விஷயத்தில் எழுவதே இல்லை. இதை நான் சாதாரண வசதியாகக் கருதவில்லை. ஒரு பயிற்சியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கொடுக்க முடிவதே ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்னிலை கிடைத்தவுடன் ஆட்டம் தளர்வது எப்படி என்பதைச் சொல்லிவிட்டுத் தளத்தின் கருவிகளுக்கு வருகிறேன். சமநிலையில் ஆடும்போது ஒரு பிள்ளை, எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் கேட்டுக்கொள்கிறது. ஒரு காய் கூடுதலாகக் கைக்கு வந்தவுடன் அந்தக் கேள்வி நின்றுபோகிறது. அதுவரை தாக்கிக்கொண்டிருந்த கை, இனி எதையும் இழக்காமல் இருந்தால் போதும் என்று பின்வாங்குகிறது. என் வகுப்பில் ஒரு மாணவி ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். எதிராளியின் பிஷப்புக்குப் பதிலாக அவளிடம் யானை இருந்தது, மேலும் இரண்டு சிப்பாய்கள் கூடுதல், ராணிகள் வெட்டப்பட்டுவிட்டன. திறந்த வரிசையில் எதிராளியின் எல்லைக்குள் நுழைந்து நின்ற யானையை அவள் முதல் வரிசைக்குத் திருப்பி இழுத்தாள், பாதுகாப்புக்காகவாம். அடுத்து ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். அதற்கடுத்து ராஜாவை மூலைக்கு நகர்த்தினாள். மூன்றும் தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத நகர்வுகள். ஆனால் அந்த மூன்று நகர்வுகளுக்குள் எதிராளியின் பிஷப் பலகையின் நடுவில் அசைக்க முடியாத இடத்தில் அமர்ந்துவிட்டது, குதிரை முன்னேறிவிட்டது, செத்துக் கிடந்த சிப்பாய் வரிசை உயிர்பெற்றுவிட்டது. காய்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. மாறியது, யாருடைய காய்கள் வேலை செய்கின்றன என்பது.

லிச்செஸின் மிகவும் பெயர்பெற்ற பகுதி அதன் புதிர்கள். தளத்தில் மக்கள் உண்மையாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்த புதிர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. இறுதியாட்டம், யானை முடிவு, சிப்பாய் முடிவு, சாதகம் அடைதல், நொறுக்கும் சாதகம் என்று தலைப்பு வாரியாகவும் எடுத்துக்கொள்ளலாம். தந்திரக் கண் திறப்பதற்கு இதைவிட வளமான இலவசக் களஞ்சியம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மதிப்புரையின் கேள்வியை வைத்துப் பார்த்தால், இங்கேதான் என் முதல் குறையும் இருக்கிறது. புதிர், சாதகம் கிடைத்த நகர்வோடு முடிந்துவிடுகிறது. எதிராளியின் குதிரையைச் சிக்க வைத்து வெட்டிவிட்டால் பச்சைக் குறி விழுகிறது, புள்ளி ஏறுகிறது, அடுத்த புதிர் வந்து நிற்கிறது. அந்தக் குதிரையை வெட்டிய பிறகு ஆட்டத்தை முடிக்க எஞ்சியிருக்கும் முப்பது நகர்வுகள் எங்கேயும் கேட்கப்படுவதில்லை. மாதக்கணக்கில் இப்படிப் பழகும் பிள்ளையின் மனதில், காயை வென்ற கணம்தான் ஆட்டம் முடியும் கணம் என்ற எண்ணம் தானாகவே பதிந்துவிடுகிறது. போட்டி மேசையில் குதிரையை வெட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரும் பிள்ளையை நான் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பச்சைக் குறிதான் நினைவுக்கு வருகிறது.

மருந்தும் அதே தளத்தில், அதே திரையிலிருந்து இரண்டு தொடுதல் தூரத்தில் இருக்கிறது என்பதே லிச்செஸை நான் பரிந்துரைக்கக் காரணம். புதிர் முடிந்ததும் அந்த நிலையைப் பகுப்பாய்வுப் பலகையில் திறக்கலாம். அங்கிருந்து, இந்த நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடர் என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால், கணினியோடு ஆடுவதா நண்பரோடு ஆடுவதா என்று தளம் கேட்கும். கணினியைத் தேர்ந்தால் ஒன்று முதல் எட்டு வரை பலம் குறிக்கலாம். எங்கள் வகுப்பில் புதிர் விடுவிப்பதைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்குகிறோம். ஒரு புதிரை விடுவித்த பிள்ளை, அதன் கடைசி நிலையை எடுத்துக்கொண்டு கணினியை எதிர்த்துச் செக்மேட் வரை ஆடி முடிக்க வேண்டும். எட்டாம் பலத்தில் வைத்தால், கூடுதலாக ஒரு குதிரை இருந்தும் பல பிள்ளைகளால் வெல்ல முடிவதில்லை. அந்த வியப்பு அவர்களுக்குக் கிடைப்பது மிகவும் அவசியம். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறாத பாடம் அந்த ஒரே ஆட்டத்தில் ஏறிவிடுகிறது.

பகுப்பாய்வுப் பலகையிலேயே, கணினியோடு பயிற்சி செய் என்ற இன்னொரு முறையும் உண்டு. இதில் ஒவ்வொரு நகர்வுக்கும் அது நல்லதா, சிறு பிசகா, தவறா, பெருந்தவறா என்று உடனுக்குடன் தளம் சொல்லிவிடும். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு இது நல்லது. ஓரளவு தேறியவர்களுக்கு வேண்டாம் என்பேன். பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு முறையும் சரி, தவறு என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தானே எச்சரிக்கையாக இருக்கும் பழக்கம் வராது. முன்னிலையில் இருக்கும்போது தேவைப்படுவது அந்தப் பழக்கம்தான்.

பயிற்சிப் பகுதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அடிப்படைச் செக்மேட்டுகளில் தொடங்கி, ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் சிப்பாய் முடிவுகள், யானை முடிவுகளில் முன்னிலையில் இருப்பவர் வெல்லும் லூசெனா நிலை, பின்தங்கியவர் டிரா செய்து தப்பும் பிலிடோர் நிலை என்று நூற்றாண்டுகளாகச் செஸ் உலகம் சேர்த்துவைத்த அறிவு அங்கே விளையாடிப் பார்க்கும் வடிவில் கிடைக்கிறது. படித்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றையும் கணினியை எதிர்த்து வென்றோ, டிரா செய்தோ காட்டினால்தான் அதற்கு டிக் விழும். லூசெனா நிலையை எடுத்துக்கொள்வோம். நம் சிப்பாய் ஏழாவது வரிசையில் நிற்கிறது, அதன் முன்னால் ராணியாகும் கட்டத்தில் நம் ராஜாவே நின்று வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. எதிராளியின் ராஜா பக்கத்து நெடுவரிசையை எட்ட முடியாமல் விலகி நிற்கிறது. பார்த்தவுடன் வென்றாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ராஜா வெளியே வந்தவுடன் எதிராளியின் யானை பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுத்துத் துரத்தும். நம் யானையை நான்காவது வரிசைக்கு முன்கூட்டியே கொண்டுபோய், பிறகு அதைச் செக்குக்கு நடுவே குறுக்கே வைத்து ராஜாவுக்கு மறைப்பு கட்டினால்தான் சிப்பாய் ராணியாகும். அதைத் தெரியாதவர் சலிப்பில் டிராவுக்குக் கை நீட்டிவிடுவார். வெற்றி நிச்சயமான நிலையிலும் செய்யவேண்டிய ஒரு குறிப்பிட்ட வேலை எஞ்சியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் அந்தத் தளத்தில் வேறு இல்லை.

இந்த அறிவின் பயன் எங்கே தெரியும் என்பதற்கு 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டமே சாட்சி. கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. இருவரிடமும் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் எஞ்சியிருந்தன. கணக்குப்படி டிரா ஆகவேண்டிய நிலை. கைகுலுக்கிக்கொண்டு மறுநாள் வேக ஆட்டங்களுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு தொடர்ந்து நெருக்கினார். 55-ஆவது நகர்வில் எதிராளி, சீனாவின் டிங் லிரன், யானைகளை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். யானைகள் போனவுடன் பிஷப்புகளையும் கட்டாயமாக வெட்டவைக்க முடியும், அப்போது எஞ்சும் ராஜா-சிப்பாய் முடிவு கறுப்புக்கு வெற்றி என்பதைக் குகேஷ் உடனே கண்டுகொண்டார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். லிச்செஸின் பயிற்சிப் பகுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை பழகும் சிப்பாய் முடிவுகளும், அந்த மேசையில் தீர்ப்பு எழுதிய முடிவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி, பெற்றோர்கள் அதிகம் பார்க்கும் துல்லிய சதவீதத்துக்கு வருவோம். ஆட்டம் முடிந்து கணினிப் பகுப்பாய்வைக் கேட்டால், ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் துல்லியமாக ஆடினார்கள் என்று தளம் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அது எப்படி வருகிறது என்பதை லிச்செஸ் மறைக்கவில்லை, சூத்திரத்தையே வெளியிட்டிருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரல் (இயந்திரம் என்பார்கள்) சொல்லும் மதிப்பை, அதாவது எத்தனை சிப்பாய் அளவு முன்னிலை என்ற எண்ணை, மெய்யான ஆட்டங்களின் தரவைக் கொண்டு வெற்றி வாய்ப்பு சதவீதமாக மாற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொரு நகர்விலும் அந்த வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். இந்தச் சூத்திரத்தை நானே கணக்கிட்டுப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். ஒரு சிப்பாய் முன்னிலைக்கு வாய்ப்பு சுமார் 59 சதவீதம். மூன்று சிப்பாய் அளவு, அதாவது ஒரு பிஷப்போ குதிரையோ கூடுதல் என்றால், சுமார் 75 சதவீதம். ஒரு யானையின் மதிப்பான ஐந்து சிப்பாய் அளவுக்கு, சுமார் 86 சதவீதம். ஒரு முழு யானை கூடுதலாக இருந்தும் மனிதர்கள் நூற்றுக்குப் பதினான்கு பங்கைத் தவறவிடுகிறார்கள். ஒரு காய் கூடியவுடன் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்கு, இந்த மூன்று எண்களை விட நல்ல அறிவுரை என்னிடம் இல்லை.

ஆனால் இதே சூத்திரம் ஒரு விஷயத்தை மூடியும் விடுகிறது. சமநிலையிலிருந்து ஒரே நகர்வில் இரண்டு சிப்பாய் அளவு பின்தங்கினால் வாய்ப்பு 50-லிருந்து சுமார் 32-க்கு விழும். தளம் உடனே குறி போட்டுக் கண்டிக்கும். ஒன்பது சிப்பாய் அளவு முன்னிலையில் இருப்பவர் அதே இரண்டு அளவை இழந்து ஏழுக்கு வந்தால், வாய்ப்பு 96-லிருந்து 93 வரை மட்டுமே இறங்கும். எந்தக் குறியும் விழாது. அடுத்த நகர்வில் ஏழிலிருந்து ஐந்தரை, குறி இல்லை. அடுத்து ஐந்தரையிலிருந்து 4.8, அப்போதும் குறி இல்லை. தளத்தின் கண்ணுக்கு மூன்றுமே பிழையற்ற நகர்வுகள். ஆனால் கையிலிருந்த முன்னிலையில் ஏறக்குறைய பாதி கரைந்துவிட்டது, வாய்ப்பும் 85-க்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு செய்யும் ஒரே ஒரு பெருந்தவறுக்கு மட்டும் சிவப்புக் குறி விழும். பிள்ளையும் பெற்றோரும் அந்த ஒரு நகர்வைத்தான் பார்ப்பார்கள். மேலே சொன்ன மாணவியின் யானைப் பின்வாங்கல் போன்றவை இந்தச் சல்லடையில் சிக்குவதே இல்லை. சூத்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏழில் இருந்தாலும் ஒன்பதில் இருந்தாலும் பெரும்பாலும் வெற்றிதான் என்று அது சொல்வது புள்ளிவிவரப்படி நியாயம். ஆனால் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர் அந்தச் சதவீதத்தையும் குறிகளையும் நம்பக் கூடாது.

நம்பவேண்டியது, பலகைக்குக் கீழே வரும் மதிப்பீட்டு வரைபடத்தை. முன்னிலை வந்த இடத்திலிருந்து கோடு தொடர்ந்து மேலே ஏறுகிறதா, இல்லை மெல்லச் சரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் வரைபடமும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மனதில் வைத்துப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். சமநிலையில் நகர்வுக்கு ஒரு நிமிடம் யோசித்த பிள்ளை, காய் கூடியவுடன் ஐந்து வினாடியில் நகர்த்தத் தொடங்கியிருப்பது அந்தக் கோடுகளில் பளிச்சென்று தெரியும். பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்ப்பதற்கு, உள்ளார்ந்த புள்ளிவிவரங்கள் என்ற பகுதியில் காய்களின் வித்தியாசத்தையும் நகர்வுக்கான சராசரி நேரத்தையும் எதிரெதிரே வைக்கலாம். முன்னிலை கூடக் கூட நேரம் குறைந்துகொண்டே வருகிறதென்றால், அந்தப் பிள்ளைக்குத் தந்திரப் புதிர் அல்ல, இந்தப் பழக்கத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும். இந்தப் பகுதியைப் பெரும்பாலானோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

ஆட்டத்தை விடாமல் தொடர்வது வேறு, அவசரப்படுவது வேறு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஏனென்றால் தளராதே என்று சொன்னால் பிள்ளைகள் உடனே கண்ணை மூடிக்கொண்டு தாக்கத் தொடங்கிவிடுவார்கள். 2021 டிசம்பரில் துபாயில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் மேக்னஸ் கார்ல்சன், இயான் நெப்போம்னியாச்சியை 136 நகர்வுகளில் வென்றார். உலக சாம்பியன் போட்டிகளின் வரலாற்றில் அதுவே மிக நீண்ட ஆட்டம். முடிவில் ஒரு யானை, ஒரு குதிரை, இரண்டு சிப்பாய்களை வைத்துக்கொண்டு ராணிக்கு எதிராக அவர் நெருக்கிக்கொண்டே போனார். ஒரு நகர்வும் வேகமாகத் தாக்கும் நகர்வு அல்ல. ஆனால் ஒரு நகர்விலும் எதிராளிக்கு மூச்சு விட இடம் தரவில்லை. முதல் ஐந்து ஆட்டங்கள் டிராவாக முடிந்த அந்தப் போட்டியில், இந்த முன்னிலையைக் காத்துக்கொள்வோம் என்று அவர் ஒதுங்கவும் இல்லை. எட்டு, ஒன்பது, பதினொன்று ஆகிய ஆட்டங்களையும் வென்று, பதினான்கு ஆட்டப் போட்டியைப் பதினோரு ஆட்டங்களில் 7.5–3.5 என்று முடித்தார். அதே கார்ல்சன் 2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில், குகேஷுக்கு எதிராக வெகுநேரம் மேலோங்கி நின்றுவிட்டு, கடிகாரம் நெருக்கிய வேளையில் ஒரே குதிரை நகர்வில் ஆட்டத்தை இழந்தார். கிளாசிக்கல் எனப்படும் நீண்ட நேர ஆட்டத்தில் குகேஷ் அவரை வென்றது அதுவே முதல் முறை. இந்த ஆட்டங்களை லிச்செஸில் ஏற்றி, வரைபடத்தோடு நகர்வு நகர்வாகப் பார்க்கலாம். துபாய் ஆட்டத்தின் கடைசிப் பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு: ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை எஞ்சிய எந்த நிலைக்கும் இறுதியான தீர்ப்பைச் சொல்லும் தரவுத்தளம் பகுப்பாய்வுப் பலகையோடு இணைந்திருக்கிறது. அது டிரா என்று சொல்லும் நிலைகளிலும் கார்ல்சன் ஏன் ஆடிக்கொண்டே இருந்தார் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நல்ல விவாதம் எழும்.

இத்தனைக்கும் அடியில் இயங்கும் ஸ்டாக்ஃபிஷ் இயந்திரத்தின் கதையும் இந்தத் தலைப்புக்கு நெருக்கமானதே. 2008-இல் வெளிவந்த இந்த இலவச இயந்திரத்தில், 2013 முதல் எந்தச் சிறு மாற்றம் செய்வதானாலும் தன்னார்வலர்களின் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டு, பலம் கூடியது என்று புள்ளிவிவரம் உறுதி செய்த பிறகே சேர்க்கிறார்கள். 2017 இறுதியில் கூகுளின் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாசீரோ என்ற நிரல் அதன் எட்டாம் பதிப்பை நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை என்று வீழ்த்தியபோது பலர் அதன் காலம் முடிந்தது என்றார்கள். 2020 செப்டம்பரில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில், ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக உருவான நரம்பு வலை மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொண்டு மீண்டும் முதலிடத்தில் உட்கார்ந்தார்கள். முதலிடம் வந்த பிறகும் நிற்கவில்லை. பல ஆண்டுகளாகக் கையால் செதுக்கிச் சேர்த்த பழைய மதிப்பீட்டு விதிகள் முழுவதையும் 2024-இல் வந்த 16.1 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். தம் உழைப்பைத் தாமே அகற்றும் இந்த மனம் என்னை நெகிழச் செய்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கணினி எதிராளி, முன்னிலைப் பயிற்சிக்கு முழுமையான துணை அல்ல. குறைந்த பலத்தில் அது அவ்வப்போது காரணமில்லாமல் காயைக் கொடுத்துவிடும். அப்படி வெல்வதால் ஒன்றும் கற்க முடியாது. உச்ச பலத்தில் வேறு சிக்கல். தோற்கும் நிலையில் இருக்கும் மனிதன் பொறி வைப்பான், நம் கடிகாரத்தைப் பார்ப்பான், பலகையைக் குழப்புவான். இயந்திரத்துக்கு அந்தக் கள்ளத்தனம் கிடையாது. தன் கணக்கில் குறைவாக இழக்கும் நகர்வை ஆடிக்கொண்டே போகும், செக்மேட்டைத் தள்ளிப்போடுவதற்காகக் காய்களை வாரிக் கொடுக்கும். ஆகவே புதிரின் கடைசி நிலையை நண்பருக்கு அனுப்பி, அவர் தோற்கும் பக்கத்திலும் நாம் வெல்லும் பக்கத்திலும் உட்கார்ந்து ஆடி, பிறகு பக்கம் மாறி ஆடுவதே சிறந்தது. தளத்தில் அதற்கும் வழி இருக்கிறது. தோற்கும் பக்கத்தில் உட்கார்ந்து பிடிவாதமாக ஆடிப் பார்த்தவருக்குத்தான், வெல்பவர் எந்தக் கணத்தில் தளர்கிறார் என்பது கண்கூடாகத் தெரியும்.

இரண்டாவது குறை, முகப்புப் பக்கமே ஒரு நிமிட, மூன்று நிமிட ஆட்டங்களை முன்னே நீட்டுவது. நகர்வுக்கு நேரம் கூடாத அந்த அதிவேக ஆட்டங்களில், வெல்லும் நிலை என்பதற்கே அர்த்தம் குறைவு. யாருடைய கொடி முதலில் விழுகிறது, அதாவது யாருடைய நேரம் முதலில் தீர்கிறது என்பதுதான் கேள்வி. வென்ற நிலையை வென்று முடிக்கப் பழகுகிற பிள்ளைக்குப் பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து வினாடிக் கூடுதலும் கொண்ட ஆட்டத்தையே நான் சொல்வேன். அந்தப் பத்து வினாடி இருந்தால், கடைசி வரை ஒழுங்காக ஆடுவதற்குக் கடிகாரம் தடையாக நிற்காது. மூன்றாவதாக, ஆட்டம் முடிந்தவுடன் கண்ணில் படும் மறு ஆட்டப் பொத்தான். வென்றவர் அதை அழுத்திவிட்டுப் போனால், அந்த வெற்றி எப்படி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. தோற்ற ஆட்டங்களை மட்டும் அலசும் பழக்கம் நம் வகுப்புகளில் வேரூன்றியிருக்கிறது. வென்ற ஆட்டங்களில்தான் தளர்ச்சி ஒளிந்துகொண்டிருக்கும். இந்த முறை எதிராளி அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவே.

சிறு பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கும் பெற்றோர், அமைப்புகளில் உள்ள குழந்தைகள் முறையை முதலில் இயக்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையோடு உரையாடும் வசதி அதில் அடைபட்டுவிடும். கைப்பேசியில் ஆடுவதைவிட, முடிந்தால் மேசைக் கணினியிலோ, பக்கத்தில் மரப்பலகையை வைத்துக்கொண்டோ பயிற்சி செய்யச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. லிச்செஸில் ஆய்வு என்ற பகுதியில் சொந்தமாகப் பாடங்கள் தொகுக்கலாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு நிலையைக் கொடுத்து, குறிப்பு எழுதி, மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். என் மாணவர்கள் முன்னிலையில் இருந்து நழுவவிட்ட நிலைகளை, பெயர்களை நீக்கிவிட்டு, அப்படி ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அத்தியாயமும், கோடு சரியத் தொடங்கிய நகர்வுக்கு ஒரு நகர்வு முன்னால் தொடங்குகிறது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இங்கே உன் காய்களில் எது வேலை செய்யாமல் நிற்கிறது, அதை எங்கே கொண்டுபோவாய்? விடையைச் சொன்ன பிறகு அந்த நிலையிலிருந்து இருவர் இருவராக உட்கார்ந்து ஆடி முடிக்கிறார்கள். காசு வாங்கும் தளங்கள் எதிலும் இந்தப் பயிற்சியை இதைவிட எளிதாக அமைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தங்கள் ஊர்ச் செஸ் வகுப்பில் இப்படி ஒரு தொகுப்பைத் தொடங்க விரும்புகிறவர்கள், யானை முடிவுகளிலிருந்து தொடங்குங்கள்; நம் பிள்ளைகள் அதிகம் நழுவவிடுவது அங்கேதான்.